பெர்த்திலிருந்து ஹால்ஸ் க்ரீக் எவ்ளோ தூரம்?

ஆஸ்திரேலியா மேப்பில் நேர்கோடு போட்டால் சுமார் 1,900 கிலோமீட்டர். நம்ம சென்னை - டெல்லியை விடக் கொஞ்சம் அதிகம். இன்றைக்கு ஜெட்டில் மூணு மணி நேரத்துக்குள் போயிடலாம். 1917-ல் ஒரு டாக்டருக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஹால்ஸ் க்ரீக் என்பது கிம்பர்லி பகுதியில் ஒரு குக்கிராமம். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஜிம்மி டார்சி என்ற 29 வயது பண்ணைத் தொழிலாளி குதிரையிலிருந்து விழுந்து அடிவயிற்றில் பலத்த அடி. நண்பர்கள் வண்டியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். ஆனால் ஊரில் டாக்டர் கிடையாது. முதலுதவி தெரிந்த ஒரே ஆள் போஸ்ட் மாஸ்டர் டக்கெட்.

பக்கத்து ஊர்களில் டாக்டர் யாரும் கிடைக்காமல், அவர் பெர்த்துக்குத் தந்தி அடித்தார். ஒரு காலத்தில் தனக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்த டாக்டர் ஹாலண்டுக்கு! அறிகுறிகளைத் தந்தியிலேயே கேட்டு, சிறுநீர்ப் பாதை கிழிந்திருக்கு, உடனே வெட்டி வழி செய்யணும் என்று ஹாலண்ட் முடிவு சொன்னார். சிறுநீர் வெளியேற வழியில்லை என்றால் அது காத்திருக்கும் கேஸ் இல்லைங்க.

சர்ஜரிக் கருவி? பேனாக்கத்தி, சவரக்கத்தி. கிருமிநாசினி? பொட்டாசியம் பெர்மாங்கனேட். மயக்க மருந்து? இல்லை. ஒவ்வொரு படியும் மோர்ஸ் கட்டளையாக வர வர, போஸ்ட் மாஸ்டர் வெட்டினார். நினைத்துப் பாருங்க, அந்த டார்சியின் நிலைமையை.

ஹாலண்டும் சும்மா இருக்கல. மாடு ஏற்றும் கப்பலில் டெர்பி வரை, அங்கிருந்து பழைய ஃபோர்டு காரில் பாதையே இல்லாத காட்டுவழி. வந்து சேர்ந்தபோது டார்சி இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஆபரேஷன் சரியாகவே நடந்திருந்தது. கொன்றது கவனிக்கப்படாமல் இருந்த மலேரியாவும் வயிற்றுக்குள் சீழ்க்கட்டியும்! பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்கும் ஒரு டாக்டர் இருந்திருந்தால்... தந்திக்கு அது முடியாது.

ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் இதைத் தீர்க்க அலைந்துகொண்டிருந்தார். அதே 1917-ல் கிளிஃபோர்ட் பீல் என்ற மருத்துவ மாணவர், விமானத்தில் டாக்டரை அனுப்பலாமே என்று வேகம், செலவுக் கணக்கோடு அவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டே பீல் பிரான்ஸ் போர்முனையில் பறக்கும்போது இறந்துபோனார். தன் யோசனை பறந்ததை அவர் பார்க்கவே இல்லை.

17 மே 1928. குயின்ஸ்லாந்தின் கிளான்கரியில் குவாண்டாஸிடம் வாடகைக்கு எடுத்த ஒற்றை எஞ்சின் விமானம். டாக்டர் வெல்ச், பைலட் அஃப்ளெக். முதல் பயணம் ஜூலியா க்ரீக், சுமார் 137 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பறத்தல். விமானத்தில் ரேடியோ கிடையாது. ஆறு, வேலி, தந்திக் கம்பி பார்த்துதான் வழி.

சரி, விமானம் வந்தாச்சு. பண்ணைவீட்டில் இருப்பவர் டாக்டரை எப்படிக் கூப்பிடுவார்? தந்தி ஆபீஸே பல நாள் பயணத் தூரம்! பறக்க ஒரு மணி நேரம், சேதி வர ஒரு வாரம் என்றால் என்ன பிரயோஜனம்? என்னைக் கேட்டால், விமானத்தை விடப் பெரிய கண்டுபிடிப்பு 1929-ல் ஆல்ஃபிரட் ட்ரேகர் செய்த பெடல் ரேடியோ. கரண்ட் வேண்டாம். சைக்கிள் மாதிரி மிதித்தால் மின்சாரம், கையால் மோர்ஸ்.

பிறகு வந்தது மருந்துப் பெட்டி. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். பெயர் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இன்ன நம்பர் மாத்திரை, இத்தனை வேளை என்று டாக்டர் ரேடியோவில் சொல்லிவிடுவார். அந்தப் பெட்டிகள் அங்கே பண்ணைகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கு.