டி மியூரன் குடும்பமும் கொழும்பின் வீழ்ச்சியும்

கொழும்பு ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியதில் பீரங்கியினும் பேரமே பெரும்பங்கு வகித்தது. பிரசிய மன்னரின் மேலாட்சிக்குட்பட்டிருந்த நியூஷாத்தலைச் சேர்ந்த பிரபு சார்ள்ஸ் டானியல் டி மியூரன் (1738–1806), 1781இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கெனக் கூலிப்படையொன்றைத் திரட்டினார். படை அவரது உடைமை. கொழும்பில் அதனை நடத்தியவர் தம்பி பியர் பிரெடெரிக்.

1795 மார்ச்சில் பேராசிரியர் ஹியூ கிளெகோர்ண் ஆங்கில அரசின் சார்பில் அண்ணனுடன் ஒப்பந்தம் செய்தார். ஒல்லாந்தர் செலுத்தாத சம்பள நிலுவையை ஆங்கிலேயர் தீர்ப்பதும் அதில் அடங்கும். (இச்செய்தி பாலாடைக்கட்டியொன்றினுள் மறைத்துத் தம்பிக்கு அனுப்பப்பட்டதென்பர்.) படைவீரரின் விருப்பத்தை எவரும் கேட்டிலர். தம்பிலுவில் முதலான ஊர்கள் சார்ந்திருந்த மட்டக்களப்புக் கோட்டை அவ்வாண்டு செப்டெம்பரிலேயே பணிந்துவிட்டது. கூலிப்படையை இழந்த கொழும்பு 1796 பெப்ரவரியில் வீழ்ந்தது.

புதிய ஆட்சியில் சென்னையிலிருந்து வந்த அமில்தார்களும் துபாசிகளும் வரி தண்டிய கொடுமையால் 1797இல் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். காரணத்தை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவரானவர் அதே பியர் பிரெடெரிக்! தென்னை வரியை நீக்கவும் முதலிமாரின் பழைய அதிகாரத்தை மீட்கவும் குழு பரிந்துரைத்தது. குடிகளின் சுமை குறைந்தது மெய்யே. ஆயினும் அவர்கள் மீண்டும் பழைய தலைமைக்காரரிடமே ஒப்படைக்கப்பட்டனர். அண்ணனின் படையோ 1799இல் சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானுக்கெதிராகப் போரிட்டு, 1816இல் கனடாவிற் கலைக்கப்பட்டது.