கல்லியேனாவிலிருந்து திருப்பிவிடப்பட்ட கப்பல்கள்: கொங்கணக் கரையும் மிதக்கும் எரிவாயு முனையங்களும்

முசிறி, நெல்கிந்தா, கொற்கை பற்றிய குறிப்புகளுக்காகத் தமிழாய்வாளர்கள் அடிக்கடி புரட்டும் நூல், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்’. அதன் 52ஆம் பகுதியை நாம் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். அங்கே கல்லியேனா என்றோர் ஊர் வருகிறது. நான் இப்போது வசிக்கும் கல்யாண்தான் அது என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. மூத்த சரகனோஸ் என்பவர் காலத்தில் முறைப்படி வணிகம் நடந்த அத்துறை, சந்தனேஸ் என்பவரின் கைக்கு வந்தபின் முடக்கப்பட்டது. தற்செயலாக அங்கு வந்துசேரும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பாரிகாசாவுக்கு, அதாவது இன்றைய குஜராத்தின் பரூச்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்கிறது நூல். சாதவாகர்களுக்கும் மேற்குச் சத்ரபர்களுக்கும் இடையிலான போட்டியின் தடயமாக இதைப் படிப்பது வழக்கம்.

இருபது நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதே கரையில் அதே திசைமாற்றம் வேறொரு சரக்குக்கு நிகழ்ந்திருக்கிறது. அச்சரக்கு திரவ இயற்கை எரிவாயு. இந்தியாவின் முதல் திரவ வாயுக் கப்பல் கத்தாரிலிருந்து 2004இல் வந்து நின்ற தஹேஜ், பரூச் மாவட்டத்தில்தான் உள்ளது. ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டுவது என் நோக்கமன்று. ஆயினும் ஒரு கரைக்குக் கப்பல் வருவதையும் வராததையும் தீர்மானிப்பது எது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. எரிபொருள் வழங்கலின் பாதுகாப்பு குறித்த இன்றைய விவாதங்களில் ‘மிதக்கும் முனையம்’ எளிய தீர்வாக முன்வைக்கப்படும்போதெல்லாம் இக்கேள்வி விடுபட்டுப்போகிறது.

பம்பாய் ஹை வயல் 1974இல் கண்டறியப்பட்டு, 1976இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் வாயு உரண் வழியாகக் கரையேறி டிராம்பே உரத் தொழிற்சாலைக்கும், 1990களின் பிற்பகுதியிலிருந்து மும்பையின் அடுக்களைகளுக்கும் சென்றது. இன்று கல்யாண், டோம்பிவிலி வரை வீட்டுக் குழாய்களும் ஆட்டோக்களின் சி.என்.ஜி.யும் இவ்வலைப்பின்னலைச் சார்ந்தவை. உள்நாட்டு வாயு மட்டும் போதாது என்பது வெகு முன்னரே தெரிந்துவிட்டது.

மராட்டியம் தனக்கென ஒரு முனையம் கட்ட முயலாமல் இல்லை. ரத்னாகிரி மாவட்டத்துத் தாபோலில் என்ரான் நிறுவனத்துடன் 1992இல் தொடங்கிய திட்டம் 1995இல் ரத்தாகி, மறுபேச்சுக்குப் பின் உயிர்பெற்று, 1999இல் 740 மெகாவாட் மின்நிலையமாக நாப்தாவில் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தில் திரவ வாயு முனையமும் வரவிருந்தது. 2001இல் மாநில மின்வாரியம் மின்சாரம் வாங்குவதை நிறுத்தியது. அவ்வாண்டு டிசம்பரில் என்ரானே திவாலானது. இதன் அரசியல் குறித்து நூல்கள் பல உண்டு. அதிகம் எழுதப்படாதது, அலைதடுப்புச் சுவரின் கதை.

அரைகுறையாக நின்ற முனையம் அரசு நிறுவனங்களின் கைக்கு மாறி 2013இல்தான் செயல்படத் தொடங்கியது. அப்போதும் அலைதடுப்புச் சுவர் முழுமை பெறவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல் அணைய இயலாது. எனவே ஆண்டுதோறும் அம்மாதங்களில் முனையம் மூடிக்கிடக்கும். இந்நிலை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. எகிப்திலிருந்து ஜூலையில் புறப்பட்டுப் பருவத்தின் கடுமை தணியும் வேளையில் இக்கரையை அடையும்படி திட்டமிட்ட பண்டைய மாலுமிகளின் நாட்காட்டியையே, பல்லாயிரம் கோடி ரூபாய் முதலீடும் பின்பற்ற வேண்டியதாயிற்று. இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. முனையம் தயாராகாத காலத்தில் தாபோல் மின்நிலையத்தை இயக்க, தஹேஜிலிருந்து உரண், பன்வேல் வழியாக 2007இல் குழாய் போட்டு வாயு கொண்டுவரப்பட்டது. கடலோரத்தில் நிற்கும் நிலையம், பரூச்சில் இறங்கிய சரக்கைத் தரைவழியே பெற்றது. சந்தனேசின் காவலர்கள் யாரும் தேவைப்படவில்லை.

மிதக்கும் முனையத்தின் கவர்ச்சி இங்குதான் தொடங்குகிறது. இயற்கை எரிவாயுவைச் சுமார் மைனஸ் 162 பாகைக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, கன அளவு அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். கரையில் அதை ஏற்கும் தொட்டிகளைக் கட்டப் பல ஆண்டுகள் ஆகும். மிதவை முனையம் என்பது தொட்டிகளும் ஆவியாக்கும் கருவிகளும் கொண்ட ஒரு கப்பல். வேறு கப்பலிலிருந்து திரவத்தை வாங்கி, பெரும்பாலும் கடல்நீரின் வெப்பத்தைக் கொண்டே ஆவியாக்கி, கரைக்குச் செல்லும் குழாயில் செலுத்தும். மெக்சிகோ வளைகுடாவில் 2005இல் முதல் கப்பல் இவ்வாறு இயங்கியது. சொல்லாராய்ச்சி செய்பவனுக்கு ஒரு சிறு உறுத்தல்: ‘முனையம்’ என்பது ‘முனை’யிலிருந்து பிறந்த சொல், நிலம் சென்று முடியும் இடத்தைச் சுட்டுவது. புறப்பட்டுச் செல்லக்கூடிய ஒன்றுக்கு அப்பெயரை இட்டிருக்கிறோம்.

தாபோலுக்குத் தெற்கே ஜெய்கட் துறைமுகத்துக்கு 2021 ஏப்ரலில் ‘ஹோக் ஜயன்ட்’ என்ற கப்பல் வந்தது. 1,70,000 கனமீட்டர் கொள்ளளவு. பத்தாண்டு வாடகை ஒப்பந்தம். இந்தியாவின் முதல் மிதவை முனையம் என்ற அறிவிப்பு. தாபோல் வரை 56 கிலோமீட்டர் குழாய். பெரிப்ளஸ் கூறும் மெலிசைகரா என்னும் துறையை ஜெய்கட்டோடு அடையாளப்படுத்தியோரும் உண்டு. இங்கே அலை ஒரு தடையன்று. எல்லாப் பருவத்திலும் கப்பல் அணையக்கூடிய துறை அது. எனினும் வணிக வழங்கல் தொடங்காமலே அக்கப்பல் கரையைவிட்டு நீங்கி, பிரேசிலின் சாண்டோஸ் துறைமுகத் திட்டத்துக்குச் சென்றது. இடைப்பட்ட காலத்தில் ஆசியச் சந்தையில் திரவ வாயு விலை முன்னர்க் கண்டிராத உயரத்தைத் தொட்டது. போருக்குப் பின் ஐரோப்பா மிதவைக் கப்பல்களைத் தேடி அலைந்தது. கப்பல் உடைமையாளருக்கு எந்த நட்டமும் நிலையானதன்று. வேறு வாடகைதாரர் கிடைப்பார்.

குஜராத்தின் ஜாப்ராபாத்தில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். அங்கே ‘வசந்த் 1’ என்ற கப்பல் 2020இலேயே கட்டி முடிக்கப்பட்டது. 2021 மே மாதத் தவ்தே புயல், கட்டிக்கொண்டிருந்த அலைதடுப்புச் சுவரைச் சிதைத்தது. (பம்பாய் ஹை அருகே பி-305 என்ற தங்குமிதவை மூழ்கி எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டதும் அதே புயலில்தான். எரிபொருள் பாதுகாப்பின் கணக்கில் அவர்களுக்கு இடம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.) கரை தயாராகாத நிலையில், கப்பல் துருக்கிக்கு வேலை பார்க்கச் சென்றது.

2022இல் நடந்தவற்றை இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ரஷ்யாவின் காஸ்ப்ரோமுக்குச் சொந்தமாயிருந்த ஜெர்மானிய நிறுவனத்தை ஜெர்மனி அரசு தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டபின், அந்நிறுவனம் கெயில் நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தப்படி தரவேண்டிய கப்பல்கள் நின்றன. கெயில் உரத் தொழிற்சாலைகளுக்கும் ஆலைகளுக்கும் வழங்கலைக் குறைத்தது. அதே ஜூலையில் பாகிஸ்தான் கோரிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒருவர்கூட விலை கூறவில்லை. பாகிஸ்தானிடம் அப்போது இரண்டு மிதவை முனையங்கள் இருந்தன! டிசம்பரில் ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் ‘ஹோக் எஸ்பெரான்சா’ இயங்கத் தொடங்கியது. மிதவை விரைவானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விரைவு பணம் இருக்கும் திசையில் செல்கிறது. போதாக்குறைக்கு வங்கதேசத்தில் 2023 மே மாத மோக்கா புயலின்போது மகேஷ்காலியின் இரு மிதவைகளும் வழங்கலை நிறுத்த, சட்டோகிராமின் அடுப்புகள் அணைந்தன.

எதிர்க்காட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். லிதுவேனியா 2014இல் கிளைப்பேடா துறைமுகத்துக்கு ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற கப்பலை வாடகைக்கு அமர்த்தியது. கப்பல் வருமுன்பே காஸ்ப்ரோம் விலையைக் குறைத்தது. ஆனால் அந்நாடு வாடகையோடு நிற்கவில்லை. பத்தாண்டு முடிந்ததும் 2024 டிசம்பரில் கப்பலையே விலைக்கு வாங்கிவிட்டது.

பெரிப்ளஸ் கல்லியேனாவைக் குறிக்க ‘எம்போரியோன் எந்தெஸ்மோன்’ என்ற தொடரை ஆள்கிறது. ‘எந்தெஸ்மோன்’ என்பதற்குச் ‘சட்டப்படியான’, ‘முறைப்படியான’ என்ற பொருளில் உரை கூறுவர். நுட்பத்தில் கருத்து வேறுபாடு உண்டு. துறையின் தகுதியை அந்நூலாசிரியர் நீரின் ஆழத்தைக் கொண்டு அளக்கவில்லை என்பது மட்டும் உறுதி. நம் திறன் அட்டவணைகளோ ஆண்டுக்கு இத்தனை மில்லியன் டன் என்ற ஒரே அளவுகோலை வைத்திருக்கின்றன. இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் அவ்வட்டவணையில் மேலும் மூன்று பத்திகளைச் சேர்த்துப் பார்க்கலாம்: கப்பல் யாருடையது, வாடகை எந்த ஆண்டுவரை, அலைதடுப்புச் சுவர் முடிந்ததா.