வாய்த்துணிக்கு இரண்டு பக்கம்

பழனி முருகன் கடல் தாண்டி இலங்கையின் கதிர்காமத்திலும் இருக்கிறார். அங்கே பூசை செய்யும் கப்புறாளைகள் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் வாய் கட்டித்தான் பூசை. பூசகரின் மூச்சும் எச்சிலும் சாமி மேல் படக்கூடாது என்பது கணக்கு. அந்தத் துணி கட்டியவரைக் காப்பதற்கல்ல, எதிரே இருப்பவரைக் காப்பதற்கு.

பெரியவர் முன்னால் வாய் பொத்திப் பேசும் பழக்கமும் நம்மிடம் இருந்தது. அதில் மரியாதை கொஞ்சம், சாதி அடக்குமுறை நிறைய. ஆனால் எதிராளியின் மூச்சுக்கு அஞ்சி வாய் கட்டியவர்கள் அதிகம் இல்லை. திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் பஞ்சுத் தூசிக்காகத் துண்டைச் சுற்றிக்கொள்கிறவர்கள்தான் தங்களைக் காத்துக்கொள்ளக் கட்டுகிறவர்கள்.

மருத்துவத்திலும் கதை கோயிலில் தொடங்கியதைப் போலவே தொடங்கியது. 1897இல் பிரெஸ்லாவ் நகரத்து அறுவை மருத்துவர் மிக்குலிச், பேசும்போது தெறிக்கும் துளிகளில் கிருமி இருக்கிறது என்ற கிருமியியலாளர் ஃப்ளூகேயின் ஆய்வைப் பின்பற்றி வாயில் வலைத்துணி கட்டினார். மேசையில் கிடக்கும் நோயாளியின் புண்ணைத் தன் மூச்சிலிருந்து காக்கவே அதைச் செய்தார்.

இதைத் தலைகீழாகத் திருப்பியவர் பினாங்கில் 1879இல் பிறந்த வூ லியன் டே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். மஞ்சூரியாவில் கொள்ளை நோய் பரவியபோது சீன அரசு அவரை ஹார்பினுக்கு அனுப்பியது. 1910 டிசம்பர் கடைசியில், ஆளை உறைய வைக்கும் குளிரில், அவர் போய்ச் சேர்ந்தார். எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைப் பரப்பும் என்று மற்ற மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் அப்படித்தான் பரவியது. ஆனால் இங்கே நோய் நுரையீரலைத் தாக்குகிறது, மூச்சு வழியாக ஆளுக்கு ஆள் தொற்றுகிறது என்றார் வூ. பஞ்சை நடுவில் வைத்து வலைத்துணியை மடித்து, தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டும் கவசத்தைச் செய்து, எல்லோரும் கட்டவேண்டும் என்றார். அந்த இளைஞர் சொல்வதை ஏற்க மூத்தவரான பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி தயாராக இல்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார். அதற்குப் பிறகு ஹார்பினில் கவசம் கட்டாதவர்களைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. 1911 மார்ச்சில் நோய் அடங்கியபோது மஞ்சூரியா வட்டாரத்தில் சுமார் 60,000 பேர் இறந்திருந்தார்கள்.

அமெரிக்காவில் 1972இல் வந்த ஒருமுறை பயன்படுத்தும் தூசிக் கவசமும் கட்டியவரைக் காக்கும் அதே வழியில் நடந்தது. தொண்ணூறுகளில் ஆய்வாளர் பீட்டர் சாய், கவச இழைகளில் மின்னூட்டம் ஏற்றும் ஒரு வித்தையைக் கண்டார். இன்றைய என்95 அந்த மின்னூட்டத்தாலும் சன்ன இழைகளாலும்தான் நுண்துகள்களில் குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடிக்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்தால் மின்னூட்டம் போய்விடும். காசு கொடுத்து வாங்கியதை ஒரே நாளில் எறிய மனம் வராமல் அலசிக் கொடியில் காயப்போட்ட வீடுகள் நம்மூரில் நிறைய.

2020இல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் கவசம் தைத்தன. கோவையின் சிட்ரா ஆய்வகம் பாதுகாப்பு உடைகளைச் சோதித்தது. தமிழக அரசு ரேஷன் கடையில் தலைக்கு இரண்டு துணிக் கவசம் கொடுத்தது. தெருவில் போக அது போதும். ஆனால் முதியோர் இல்லத்துக்குள் கணக்கு வேறு. அமெரிக்காவின் கிர்க்லாந்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் மார்ச் 18க்குள் முதியவர்களில் 101 பேருக்குத் தொற்று. அவர்களில் 34 பேர் இறந்தார்கள். பணியாளர்கள் 50 பேருக்கும் தொற்று. அறிகுறியோடு வேலைக்கு வந்ததும், ஒரே ஆள் பல இல்லங்களில் வேலை பார்த்ததும் நோயைக் கடத்தியதாக ஆய்வு சொன்னது. படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி வெளியே போவதில்லை. கிருமியைக் கொண்டுவருவது அவருக்குச் சோறூட்ட வரும் கைகள்தான்.

அப்போதும் ஹார்பின் வாக்குவாதமே திரும்பியது. கிருமி காற்றில் மிதக்கிறதா, துளியாக விழுகிறதா? ஜூலையில் 239 அறிவியலாளர்கள் காற்றில் பரவுகிறது என்று கடிதம் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் தெளிவாக ஒப்புக்கொள்ள மறு ஆண்டு வரை ஆனது. சின்ன அறையில், ஜன்னல் அடைத்து, தொற்று உள்ளவரைப் பராமரிக்கும் ஆயாவுக்கு என்95, மற்ற நேரம் இறுக்கமான மருத்துவக் கவசம் என்ற வழக்கு பல இடங்களில் அந்தத் தாமதத்துக்குப் பின்னால்தான் நிலைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வால்வு வைத்த என்95 அணிந்தால் மூச்சு விட எளிது. உள்ளே இழுப்பது வடிகட்டப்படும், வெளியே விடுவது அப்படியே போகும். கட்டியவருக்கு நல்லது, எதிரே இருக்கும் தாத்தாவுக்குப் பயனில்லை. 2020 ஜூலை 20 அன்று மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் இதைச் சுட்டி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கதிர்காமத்துப் பூசகர் கட்டும் துணியின் நோக்கத்தை அந்த வால்வு கழற்றிப் போட்டுவிடுகிறது.

காது மந்தமான பெரியவர்கள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். கவசம் அதை மறைக்கும். ஞாபகம் தடுமாறுகிறவர் பிடுங்கி எறிவார். அதனால் அவர்களைக் கட்டாயப்படுத்துவதை விட, பார்க்கப் போகிற நாம் கட்டிக்கொள்வதே சுலபம். அடுத்தமுறை சளியோடு முதியோர் இல்லத்துக்குக் கிளம்பினால், ஒன்று போகாதீர்கள்; இல்லை, வால்வில்லாததாகப் பார்த்து, மூக்குக் கம்பியை அழுத்தி, தாடைக்குக் கீழே வரை இழுத்துக் கட்டிக்கொண்டு போங்கள்.