வழக்கும் சமாதானமும்: திருச்சபையின் நியாயவிசாரணை மரபு

நிலத்தின் எல்லை, கைமாற்றுக் கடன், வாடகை, தகப்பன் விட்டுச்சென்ற வீட்டின் பங்கு ஆகியவை குறித்துச் சபையாரிடையே பிணக்கு எழும்போது, போதகர்களாகிய நாம் முதலாவது எடுத்துக்காட்டுவது 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரமேயாகும். சகோதரன் சகோதரனோடு வழக்காடலாகாது என்று அறிவுறுத்தி, மூப்பர்களைக் கொண்டு சமரசம் பேசுகிறோம். இது நல்ல மரபே. ஆயினும், இம்மரபு யாருடைய நன்மைக்காகத் தோன்றியது, எந்த எல்லைக்குள் நின்றது என்பவற்றை ஆராயாது பயன்படுத்துவோமாயின், சமாதானத்தின் பெயரால் அநீதிக்குத் துணைபோகும் அபாயம் உண்டு.

கி.மு. 146இல் ரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் யூலியு சீசரால் ரோமக் குடியேற்ற நகரமாக மீண்டும் நிறுவப்பட்டது. அங்குக் குடியேறியோருள் பெரும்பாலோர் விடுதலை பெற்ற அடிமைகள் என்று ஸ்திராபோ குறிப்பிடுகிறார். ரோம உரிமையியல் சட்டத்தின்படி, விடுதலை பெற்றவன் தன் முன்னாள் எஜமானையும், மகன் தன் தகப்பனையும் நீதியதிகாரியின் அனுமதியின்றி வழக்குக்கு அழைக்க இயலாது. செல்வமும் செல்வாக்கும் உடையோர்க்கே வழக்குமன்றம் எளிதில் வாய்த்தது. ஆகவே பவுல் கடிந்துகொள்வது, அற்பக் காரியங்களுக்காக எளிய சகோதரனை மன்றத்துக்கு இழுத்து அவன் பொருளைப் பறித்த வலியோரையே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அநியாயஞ்செய்து சகோதரரை வஞ்சிப்பவர்களை 8ஆம் வசனம் நேரடியாகவே சாடுகிறது. மேலும், பவுல் சட்டத்தின் துணையை வெறுத்தவரல்லர். பிலிப்பியில் தம் ரோமக் குடியுரிமையை வலியுறுத்தியவரும், பெஸ்துவின் முன் இராயனுக்கு அபயமிட்டவரும் அவரே.

சபைக்குள் நியாயம் விசாரிக்கும் முறை விரைவில் ஒழுங்குபெற்றது. மூன்றாம் நூற்றாண்டில் சீரியாவில் தோன்றிய ‘அப்போஸ்தலரின் போதனை’ என்னும் சபை ஒழுங்குநூல், விசாரணையைத் திங்கட்கிழமையில் நடத்துமாறு பேராயருக்குக் கட்டளையிடுகிறது. தீர்ப்புக்கு மறுப்பு எழுந்தாலும், வார இறுதிக்குள் அதனைத் தீர்த்து, ஞாயிறன்று இருதரப்பாரும் சமாதானத்தோடு கூடிவர அவகாசம் இருக்கும் என்பதே இதன் நோக்கம். ஒருதரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தலை அந்நூல் வன்மையாகத் தடுக்கிறது.

கான்ஸ்டன்டைன் பேரரசர் 318இல் பிறப்பித்த ஆணை, வழக்கைப் பேராயரின் விசாரணைக்கு மாற்றிக்கொள்ள இடமளித்தது. 333இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆணையோ, எதிர்த்தரப்பார் உடன்படாவிடினும் ஒருவர் பேராயரிடம் செல்லலாம் என்றும், அவர் தீர்ப்பே இறுதியானது என்றும் கூறிற்று. இவ்வதிகாரம் நீடிக்கவில்லை. 398இல் அர்க்காதியுவின் சட்டமும், 452இல் மூன்றாம் வாலென்தீனியனின் சட்டமும் இருதரப்பாரின் இசைவு இன்றியமையாதது என வரையறுத்தன. இசைவின்றித் திணிக்கப்படும் சமரசம் சமரசமாகாது என்பது இதனால் விளங்கும்.

ஹிப்போவின் பேராயராகிய அகுஸ்தீன், மக்களின் வழக்குகளைக் கேட்பதிலேயே தம் நேரம் செலவாவதைக் குறித்து வருந்தி எழுதியுள்ளார். ஆயினும் அப்பணியை அவர் கைவிடவில்லை. 1981இல் முதன்முறையாக வெளியிடப்பட்ட அவருடைய கடிதங்களுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. பெற்றோரால் உழைப்புக்காக விற்கப்பட்ட சுதந்தரப் பிள்ளைகளின் சட்டநிலை யாது என்று, யுஸ்தோக்கியு என்னும் சட்ட வல்லுநரிடம் அவர் அதில் ஆலோசனை கேட்கிறார். எளியோரின் விடுதலை சட்டநுணுக்கத்தைச் சார்ந்திருந்தபோது, அந்த மாபெரும் இறையியலாளர் தம் சொந்த அறிவையே சார்ந்து நிற்கவில்லை.

நம் நாட்டு வரலாறும் இதே பாடத்தைக் கற்பிக்கிறது. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின் பொது விதிப்படி, உயில் எழுதாது இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்கு உரியது, மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று அல்லது ரூ.5,000, இவற்றுள் எது குறைவோ அதுவே. மேரி ராய் தொடுத்த வழக்கில், 1986இல் உச்சநீதிமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டமே (1925) அங்கும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அச்சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். குடும்ப சமாதானம் கருதிப் பெண்கள் யாவரும் மௌனமாயிருந்திருப்பின், இந்நீதி கிட்டியிராது.

அவ்வாறாயின், எப்போது சமரசம் பேசுவது, எப்போது வழக்கறிஞரை நாடச் சொல்வது? இருவரும் ஏறக்குறையச் சமநிலையில் நின்று, உண்மைகளை ஒப்புக்கொண்டு, மனமுவந்து வருவார்களாயின், வேலித் தகராறு, சிறு கடன், வாடகைப் பாக்கி போன்றவற்றை மூப்பர்கள் முன் தீர்த்து எழுதிக்கொள்வதே சிறந்தது.

வழக்கறிஞரின் துணை தேவைப்படும் நிலைகள் நான்கினை நாம் அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, அசையாச் சொத்து. அதனைப் பங்கிட்டு எழுதும் பத்திரம் முறையாகப் பதிவுசெய்யப்படாவிடில் உரிமைக்குச் சான்றாகாது. இரண்டாவது, காலவரம்பு. கடனை மீட்கப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ஆலயத்தில் நாம் நடத்தும் பேச்சுவார்த்தை அக்காலத்தை நிறுத்திவைக்காது. மூன்றாவது, நீதிமன்ற அழைப்பாணை கிடைத்தல். பொதுவாக 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும்; வாளாவிருப்பின் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரக்கூடும். நான்காவது, தரப்பினரிடையே ஏற்றத்தாழ்வு. விதவையும் மைத்துனரும், கூலியாளும் நிலவுடைமையாளரும், சபை ஊழியரும் நிர்வாகமும் எதிரெதிரே நிற்கும்போது, வலியவரின் நண்பராகிய மூப்பர் நடுவராயிருத்தல் தகாது. வன்முறையோ சமரசத்துக்குரிய பொருளே அன்று.

செலவுக்கு அஞ்சுவோர்க்கும் வழியுண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் வகுப்பினராக ஏற்கப்படாமையால், அவர்களுள் ஆண்கள் வருமானம் முதலிய பிற தகுதிகளின் கீழேயே விண்ணப்பிக்க இயலும். அதே சட்டத்தின்கீழ் நடைபெறும் மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அங்கும் இருதரப்பாரின் இசைவே அடிப்படையாகும்.

எனவே, சமரசம் பேச அமருமுன், எளியவர் தம் உரிமை யாதென அறிந்திருக்கிறாரா என்று கேட்டறிவது நம் கடமை. அறியாராயின், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவரை நாமே அழைத்துச் செல்வோமாக. தம் உரிமையை அறிந்தபின் அதனை விட்டுக்கொடுக்க அவர் மனமுவந்தால், அது அவருடைய விசுவாசத்தின் செயல். அறியாதிருக்கையில் நாம் அதனை விட்டுக்கொடுக்கச் செய்வோமானால், பவுலின் கண்டனம் நம்மேலேயே வரும்.