கரும்பித்தமும் கண்ணீரும்

நோயுற்றவரையே நோய்க்குக் குற்றவாளியாக்கும் வழக்கம் மருத்துவ வரலாற்றிலே மிகப் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் கேலன், புற்றுநோய்க்கும் மனச்சோர்வுக்கும் கரும்பித்தத்தின் மிகுதியே காரணம் என்றார். துயர இயல்புடைய பெண்களையே மார்பகப் புற்றுநோய் எளிதிற் பற்றும் என்ற நம்பிக்கையும் அவர் பெயரால் வழங்கலாயிற்று. கரும்பித்தம் என்றொரு பொருளை எவரும் கண்டதில்லை. ஆயினும் அக்கோட்பாடு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைபெற்றிருந்தது.

துயரம் நோய்க்கு முன்னே வருவதா, பின்னே வருவதா? ஆங்கில நாவலாசிரியை பானி பேர்ணியின் வாழ்க்கையை நோக்குக. 1811 செப்டெம்பர் 30ஆந் திகதி, பாரிஸ் நகரிலே, நெப்போலியனின் படை வைத்தியர் லரே அவரது மார்பகத்தை அறுத்தகற்றினார். சத்திர சிகிச்சையில் மயக்கமருந்து இடம்பெறுவதற்கு இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. நடந்ததைத் தமக்கைக்கு எழுதி முடிக்க அவருக்குப் பல மாதங்கள் சென்றன. எழுதியதை மீண்டும் படித்துப்பார்க்கவும் அவர் துணியவில்லை. 1840 வரை வாழ்ந்த அவருடைய மனக்காயத்தைக் கரும்பித்தத்தின் கணக்கில் எழுதுதல் தகுமா?

மனச்சோர்வைப் பொருள்சார்ந்து ஆராயும் வழி தற்செயலாகவே திறந்தது. 1952இல் நியூயோர்க்கின் சீவியூ மருத்துவமனையிலே சயரோகிகளுக்கு இப்ரோனியசிட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களிடையே வியக்கத்தக்க உற்சாகம் தோன்றியது. மூளையின் சில இரசாயனங்கள் சிதைவதை அம்மருந்து தடுத்தது. மனச்சோர்வு ஒழுக்கக் குறைபாடன்று, சிகிச்சைக்குரியது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

எனினும் பழைய பழி புதிய உடை தரித்து வந்தது. உணர்ச்சியை அடக்குவோரைப் புற்றுநோய் பற்றும் என்ற ‘புற்றுநோய் ஆளுமை’க் கொள்கையே அது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சூசன் சொன்ராக், 1978இல் எழுதிய நூலில் இப்போக்கை வன்மையாகக் கண்டித்தார்.

மூளையின் இரசாயனமும் எளிய சூத்திரத்துள் அடங்குவதன்று. செரொற்றோனின் குறைந்தால் மனச்சோர்வு என்ற சமன்பாட்டுக்குப் போதிய சான்றில்லை என 2022இல் வெளிவந்த மீளாய்வொன்று கூறியது. மேலும், தமொக்சிபென் என்னும் மருந்தைச் செயல்திறன்மிக்க வடிவுக்கு மாற்றுவது ஈரலிலுள்ள ஒரு நொதியம். மனச்சோர்வுக்குத் தரப்படும் பரொக்செற்றீன் அந்நொதியத்தைத் தடுக்கிறது. இரண்டையும் நெடுங்காலம் சேர்த்து உட்கொண்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் மிகுந்திருந்ததைக் கனடாவில் நடந்த ஆய்வொன்று 2010இல் காட்டியது. இந்நொதியத்தை அவ்வளவு தடுக்காத வேறு மருந்துகள் உள்ளன. ஆகவே, மார்பையும் மனத்தையும் தனித்தனி வைத்தியர்கள் ஒருவரையொருவர் அறியாது கவனிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

“தைரியமாயிரு” என்ற உபதேசம் செலவற்றது. அதனாலேயே அது தாராளமாக வழங்கப்படுகிறது. நோயாளிக்கு வேண்டியவை தகுந்த மருந்து, பேசக் கேட்கும் வைத்தியர், சம்பளத்துடன் ஓய்வு, வீட்டுச் சுமையைப் பகிரும் கைகள் ஆகியவையே. இவற்றை அளிக்கத் தவறும் சமுதாயம் அவளுடைய கண்ணீருக்கு அவளையே பொறுப்பாக்குமாயின், கேலனின் கரும்பித்தம் இன்னும் நம்மிடையே வாழ்கிறது என்றே கொள்ளல் வேண்டும்.