கம்பளிக் கல்லும் காரயின் கிராமத்தின் சாவுக் கணக்கும்

துருக்கியில் காரயின்னு ஒரு கிராமம். 1970களில் அங்கே சுமார் 600 பேர் இருந்தார்கள். 1974இல் மட்டும் 18 சாவு. அதில் 11 பேர் ஒரே நோயில் போனார்கள். அந்த நோயின் பெயர் மீசோதீலியோமா.

இந்தப் பெயரை நீங்க கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. நுரையீரலைச் சுற்றி ப்ளூரான்னு ஒரு மெல்லிய உறை இருக்கு. அதில் வரும் புற்றுநோய் இது. மூச்சு வாங்கும், நெஞ்சில் நீர் கோர்க்கும், ஊசி போட்டு எடுத்தாலும் திரும்பக் கோர்க்கும். நம்ம ஊரில் இப்படி ஒருத்தர் வந்தா முதலில் டிபி இருக்கான்னுதான் பார்ப்போம், ஏன்னா பெரும்பாலும் அதுதான் இருக்கும். மீசோதீலியோமா அவ்வளவு அபூர்வம். ஒரு சின்ன கிராமத்தில், ஒரே வருஷத்தில் 11 பேர் என்பது எந்த மருத்துவரையும் தூங்கவிடாது.

அப்படித் தூக்கம் போனவர் இஸ்ஸெத்தின் பாரிஷ். அங்காராவில் உள்ள ஹாஜெத்தெபே பல்கலைக்கழகத்தின் நெஞ்சக நோய் மருத்துவர். அவர் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருக்காமல் கிராமத்துக்கே போய்ச் சாவுகளை எண்ண ஆரம்பித்தார்.

முதல் சந்தேகம் ஆஸ்பெஸ்டாஸ் மேல்தான் வரும். 1960இல் கிறிஸ்டோபர் வாக்னரும் சகாக்களும் தென்னாப்பிரிக்காவின் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியில் 33 மீசோதீலியோமா நோயாளிகளைக் காட்டியதிலிருந்து, இந்த நோய்னாலே ஆஸ்பெஸ்டாஸ்தான்னு உலகமே நம்பியிருந்தது. ஆனா காரயினில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கமும் இல்லை, ஆலையும் இல்லை. ஆண், பெண் இரு பாலாரும் கிட்டத்தட்ட சம அளவில் செத்துக்கொண்டிருந்தார்கள். அப்போ வேலையால் வருவது இல்லை. பக்கத்திலேயே கார்லிக்னு இன்னொரு கிராமம். அதே விவசாயம், அதே சாப்பாடு. அங்கே இந்த நோயே இல்லை.

வித்தியாசம் கல்லில் இருந்தது.

இந்த இடம் கப்படோக்கியா. பலூன் பறக்கும் சுற்றுலாப் படங்களில் கூம்பு கூம்பா பாறைகள் பார்த்திருப்பீங்களே, அதே ஊர்தான். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறை. குடைந்தா வீடு, வெட்டினா செங்கல் மாதிரி கட்டுக்கல். மக்கள் பல நூறு வருஷமா அதிலேயே வாழ்ந்தார்கள். அந்தப் பாறைத் தூளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது, ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்ட நூல் நூலான இழைகள். அது எரியோனைட்.

சரி, இது என்ன கல்? 1898இல் ஆர்தர் ஈக்கிள் என்ற கனிமவியலாளர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், டர்க்கி என்ற இடத்து ஓபல் சுரங்கத்தில் கிடைத்த வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு பொருளை விவரித்தார். கிரேக்க மொழியில் 'எரியோன்' என்றால் கம்பளி. பெயர் அப்படி வந்தது. இது ஜியோலைட் வகை சிலிகேட். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்து கூண்டு கூண்டாக் கட்டிய அமைப்பு. கூண்டுக்குள் பொட்டாசியம், சோடியம், கால்சியம், கூடவே தண்ணீர். எரிமலைச் சாம்பல் காரத்தன்மையுள்ள நீரில் ஊறும் இடங்களில் இது உருவாகும்.

அறுபது வருஷம் இதை ரொம்ப அரிதான கனிமம்னு நினைத்து, அருங்காட்சியகப் பொருளா வைத்திருந்தார்கள். 1959இல்தான் நெவாடாவின் சாம்பல் படிவுகளில் இது இருப்பது தெரிய வந்தது. பஞ்சுப் பொதியாக் கிடைப்பதுதான் அபூர்வம். பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத இழையா இருப்பது அப்படியில்லை.

இது உண்மையிலேயே கொல்லுமான்னு சோதித்தவர்களில் அதே வாக்னரும் ஒருவர். 1985இல் அவர் குழு வெளியிட்ட முடிவு எனக்கு இன்னும் நம்ப முடியாததா இருக்கு. ஓரிகன் எரியோனைட் தூசியைச் சுவாசித்த 28 எலிகளில் 27க்கு மீசோதீலியோமா. நீல ஆஸ்பெஸ்டாஸைச் சுவாசித்த 28 எலிகளில் ஒன்றுக்குக்கூட வரவில்லை! எரியோனைட்டையே ஆய்வகத்தில் இழை இல்லாமல் செயற்கையா உருவாக்கிக் கொடுத்தபோது, 28இல் ஒன்றே ஒன்றுக்கு வந்தது. ஆக, ரசாயனத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது, வடிவமும் முக்கியம். தூசியை விழுங்கும் நம் வெள்ளணுக்களால் நீளமான இழையை முழுசா விழுங்க முடியாது. பாதி விழுங்கித் திணறும், அழற்சி நிற்காது, இழை கரையவும் கரையாது. இப்படியே பல பத்து ஆண்டுகள் போகும்.

1987இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எரியோனைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது.

ஊரை விட்டுப் போனால் தப்பலாமா? காரயினிலிருந்து ஸ்வீடனுக்குக் குடிபோன 162 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். இறந்த 18 பேரில் 14 பேர் மீசோதீலியோமாவால். சின்ன வயசில் உள்ளே போன இழை ஸ்வீடன் வரைக்கும் கூடவே போயிருக்கு.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கு. ஒரே கிராமத்தில் சில குடும்பங்களில் மட்டும் சாவு அதிகம். ஊர்க்காரர்கள் அந்த வீடுகளுக்கே ஏதோ ஆகாதுன்னு பேசிக்கொண்டார்கள். மரபணுவும் காரணம்னு 2001இல் மிக்கேல் கார்போன் குழு லான்செட் இதழில் எழுதியது. அந்த வீட்டுக் கற்களில் இழை அதிகம் இருந்திருக்கலாம்னு வேறு சிலர் சொன்னார்கள். ஒரே வீட்டில் வாழும் ஒரே குடும்பத்தில் இந்த இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை. என்னைக் கேட்டா, மரபணு உண்மையாகவே இருந்தாலும், இழை இல்லாத இடத்தில் அந்தக் குடும்பங்கள் இப்படி அழிந்திருக்காது.

பிறகு துருக்கி அரசு காரயினுக்கும், இதே நோய் தாக்கிய துஸ்கோய் கிராமத்துக்கும் வேறு இடத்தில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தது.

கதை துருக்கியோடு முடியவில்லை. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் டன் மாவட்டம். அங்கே எரியோனைட் கலந்த சரளைக்கல்லை சுமார் 30 வருஷமாக 300 மைலுக்கும் மேலான சாலைகளில் கொட்டியிருந்தார்கள். பள்ளிப் பேருந்து போகும் சாலைகளும் அதில் அடக்கம். 2011இல் கார்போன் குழு அந்தக் காற்றை அளந்து பார்த்தது. சில இடங்களில் இழைகளின் அளவு, மீசோதீலியோமா இருக்கும் ஒரு கப்படோக்கியா கிராமத்துக் காற்றுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தது.

அமெரிக்கச் சட்டம் ஆஸ்பெஸ்டாஸ் என்று கட்டுப்படுத்துவது 6 கனிமங்களை. எரியோனைட் அந்த ஆறில் இல்லை.