டோல்பாடர்ன்

டர்னர் 1800இல் வரைந்த படத்தில்தான் இதை முதலில் பார்த்தேன். வானத்தில் கறுத்து நிற்கும் கோபுரம். அடியில் பொட்டுப்பொட்டாய் மனிதர்கள், ஒருவன் கைதி.

வேல்ஸில் லான்பெரிஸ் கணவாயைக் காக்க, 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லுவெலின் அப் யோர்வெர்த் கட்டியது. சுமார் 50 அடி உயரம். வட்ட வடிவம் எல்லைப்புற ஆங்கிலப் பிரபுக்களிடமிருந்து எடுத்தது. அதில் எனக்கு ஆட்சேபமில்லை. உறுத்துவது வேறு. அவன் பேரன் லுவெலின் அப் கிரிஃபித், 1255இல் தோற்கடித்த சொந்த அண்ணன் ஓவைனை இருபது வருஷத்துக்கு மேல் அடைத்துவைத்தது இங்கேதான் என்பது கர்ணபரம்பரை. படத்துக் கைதியும் அவன்தான். அந்நியனைத் தடுக்க எழுந்த சுவர்! 1277இல் ஓவைன் வெளியே வந்ததுகூட, தம்பி மனமிரங்கி அல்ல. ஆங்கில அரசன் எட்வர்டிடம் தோற்றுச் செய்துகொண்ட உடன்படிக்கையால். 1283இல் கோட்டையும் வீழ்ந்தது. அதன் மரங்களைக் கழற்றி, கானார்வனில் எழும்பிக்கொண்டிருந்த தன் கோட்டைக்குக் கொண்டுபோனான் எட்வர்ட்.